அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது

எங்கள் வழிபாட்டுக் கூடத்தின் நிர்வாகிகளுக்கும், எல்லாக் கூடங்களிலும் போதிக்கும் பெரியவர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவர் எங்கள் கூடத்துக்கு வந்து பேசினார். நல்ல பேச்சு. நடுவில் ஒரு வாக்கியம் வந்தது: "நம்பிக்கை உள்ளவன் அநியாயம் செய்ய மாட்டான். செய்தால், அவன் உண்மையான நம்பிக்கையாளனே இல்லை." கூட்டம் தலையாட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் உள்ள ஐந்து பேருக்கும் தெரியும். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய தாயார் படுக்கையில் விழுந்ததும், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். இரவும் பகலும் கூடவே இருக்கும் வேலை. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், உடம்பு துடைத்துவிட வேண்டும், வேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும், நடுராத்திரியில் காரணம் தெரியாமல் அழும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு மாதம் செய்தார். கடைசி நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டபோது, "அம்மா இந்த நிலையில் கிடக்கும்போது காசைப் பற்றிப் பேசுகிறாயே" என்று பதில் வந்ததாம். தாயார் இறந்த மறுநாள், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண் வழக்குப் போடவில்லை. எங்கள் கூடத்துக்கு வந்தார். அன்று வாசல் மேசையில் நன்கொடைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். வேலை பார்த்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. சம்பளம் கிடைத்த மாதத்தின் மேல் ஒரு வட்டம். கடைசி நான்கு பக்கங்களில் கோடுகள் மட்டும் இருந்தன. "அவர் தினமும் இங்கே வருகிறவர். இங்கே சொன்னால் கேட்பார் என்று வந்தேன்" என்றார்.

எங்கள் நம்பிக்கைக்கு அந்தக் கட்டடத்துக்குள் இருந்த எங்கள் எல்லோரையும் விட அவர்தான் அதிக மதிப்புக் கொடுத்திருந்தார்.

குழு உடனே கூடியது. வழிபாடு தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஒருவர், "இது அவர்கள் வீட்டு விஷயம்" என்றார். இன்னொருவர், கூடத்தின் மேற்கூரைக்கு அந்த மனிதர் கொடுத்ததை நினைவுபடுத்தினார். மூன்றாமவர், "வெளியே தெரிந்தால் கெட்ட பெயர் நம் மதத்துக்குத்தான்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. "தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் குழு தலையிடுவதில்லை" என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஐந்து கையெழுத்தில் ஒன்று என்னுடையது. வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் "பார்க்கலாம் அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அன்றைய வழிபாட்டில் இரக்கத்தைப் பற்றிய பகுதியை வாசிக்க வேண்டியவன் நான்தான்.

எங்கள் மதம் எது என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் மற்ற மதத்தவர்கள் "நல்லவேளை, நம்மிடம் இப்படி இல்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்தக் கதையை நான் சொன்ன நண்பர்கள் வெவ்வேறு மதத்தவர்கள். அத்தனை பேரும் "எங்களிடமும் ஒருவர் இருக்கிறார்" என்றுதான் பதிலைத் தொடங்கினார்கள்.

பெரியவர்களே, உங்கள் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது கேட்பதற்குக் கண்டிப்பாக இருக்கிறது, ஆனால் யாரையும் தொடுவதில்லை. அதைக் கேட்கும் ஒவ்வொருவர் மனதிலும் வேறு யாருடைய முகமோ வருகிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்ற பழமொழியையும் இப்படித்தான் எப்போதும் அடுத்தவரைப் பார்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மனிதர் நடிக்கிறார் என்றால் விஷயம் எளிது. அவர் நடிக்கவில்லை. விடியும் முன் எழுந்து தனியாக, யாரும் பார்க்காத நேரத்திலும் பிரார்த்தனை செய்கிறவர். தாயாருக்காக அவர் அழுத அழுகை உண்மை. நானும் நடிக்கவில்லை. உண்மையாகவே நம்புகிற இரண்டு பேர், ஒருவர் கூலியை வைத்துக்கொண்டும், மற்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டும், அன்று ஒரே கூடத்தில் நின்று இறைவனை வணங்கினோம். இது எப்படி முடிந்தது? இதற்குப் பதில் வேண்டும். "அவர்கள் உண்மையானவர்கள் இல்லை" என்பது கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிற பதில்.

இது பழைய கேள்விதான். நம் வேதங்களே இதை மறைக்கவில்லை. விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமாபுரியாருக்கு எழுதிய பவுல் அப்போது புதிதாக நம்ப வந்தவர் இல்லை, அப்போஸ்தலர். அறம் எது என்று தெரியும், அதில் நாட்டம் இல்லை; அறமல்லாதது எது என்றும் தெரியும், அதிலிருந்து விலக முடியவில்லை என்ற சுலோகம் துரியோதனன் வாக்காக வழங்குகிறது. குர்ஆனின் 107-ஆம் அத்தியாயம் ஏழே வசனங்கள் கொண்டது. தொழுகையில் கவனமற்று, பிறர் பார்க்கத் தொழுது, சின்ன உதவியைக் கூடக் கொடுக்க மறுப்பவர்களுக்குக் கேடுதான் என்கிறது. ஓதுவான், ஆனால் அதன்படி நடக்கமாட்டான் என்றால் அவன் பிறர் மாடுகளை எண்ணிக்கொண்டிருக்கும் இடையனைப் போன்றவன் என்கிறது பௌத்த நூலான தம்மபதம். வள்ளுவர் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். ஊர் கும்பிடும் இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது முதலில் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூலி விஷயத்தில் இன்னும் நேராகவே பேசியிருக்கிறார்கள். உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பது நபிமொழி. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம். விடியும்வரை! நான்கு மாதக் கூலியை வைத்துக்கொண்டவரை நாங்கள் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்.

சரி, தெரிந்தும் ஏன் செய்யவில்லை? மற்றவர்களை விட்டுவிடுகிறேன். எனக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில், அவசரம். கேட்க அற்பமாக இருக்கும். அமெரிக்காவில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 1973-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் போதகர்களாகப் போகிற மாணவர்கள். அடுத்த கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சிலருக்கு வேறு தலைப்பு. மற்றவர்களுக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கோயில் பணியாளனான லேவியனும் தாண்டிப்போக, அந்நியனான சமாரியன் நின்று உதவியதாக இயேசு சொன்ன உவமை. போகும் வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு கிடந்து இருமுவார். அவரும் ஆய்வின் பகுதிதான், மாணவர்களுக்குத் தெரியாது. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம். உவமையைப் பற்றிப் பேசப் போகிறோமா, வேறெதையோ பேசப் போகிறோமா என்பது குறிப்பிடும்படியான வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசுவதற்காக விரைந்தவர்களில் சிலர் அந்த மனிதரைத் தாண்டிக் கால் வைத்துப் போயிருக்கிறார்கள்.

இதை முதலில் படித்தபோது அந்த மாணவர்கள் மேல் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. தாண்டிப்போனவர்கள் உரை நிகழ்த்த வந்து சேர்ந்தபோது பதற்றத்தோடு இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்நெஞ்சக்காரர்களுக்குப் பதற்றம் ஏன் வருகிறது? "பார்க்கலாம் அம்மா" என்று சொல்லிவிட்டு ஓடியபோது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் ஓடினேன். மணி அடித்துவிடும், எல்லோரும் காத்திருப்பார்கள், இறைவனுக்கான நேரம் தவறக் கூடாது. இறைவனுக்கான நேரம் என்று நான் நினைத்தது உள்ளே இருந்தது. வாசலில் நின்றதும் அதுதான் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்தது, உருக்கம். வழிபாட்டில் மனம் கரைகிறது, கண் நிறைகிறது. அது பொய்யே கிடையாது. ஆனால் அழுது முடித்ததும், செய்ய வேண்டிய ஒன்றைச் செய்து முடித்த நிறைவு வருகிறது. அன்று இரக்கத்தைப் பற்றி வாசிக்கும்போது என் குரல் தழுதழுத்தது. கேட்டவர்கள் பிறகு என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர வேண்டிய இரக்கம் முழுவதையும் நான் மைக்கின் முன்னால் செலவழித்துவிட்டேன். வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். எனக்கு லேசாக இருந்தது. அந்த லேசான மனதை நினைத்தால்தான் இன்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது என்று நினைக்கிறேன். நாம் ஒருவரை ஒருவர் என்ன கேட்டுக்கொள்கிறோம்? நேற்று ஏன் வரவில்லை, நோன்பு வைத்தாயா, பிள்ளைகளுக்குப் பிரார்த்தனை சொல்லிக்கொடுத்தாயா, இதெல்லாம் கேட்கிறோம். உன்னிடம் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டாயா என்று 22 ஆண்டுகளில் அங்கே ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. உடன்பிறந்த தம்பியோடு நான் ஒன்பது ஆண்டுகளாகப் பேசவில்லை. வாரம் தவறாமல் மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "உன் தம்பி எப்படி இருக்கிறான்?" என்ற ஒரு கேள்வி மட்டும் வந்ததே இல்லை. எது கேட்கப்படுகிறதோ அதில் மனிதன் கவனமாக இருக்கிறான். கேட்கப்படாத இடத்தில் எவ்வளவு பக்தி இருந்தாலும் அவனுக்குக் கண் தெரிவதில்லை.

இதற்குச் சரித்திரத்தில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒருவர் ஜான் நியூட்டன். 1748-இல் கடலில் புயலில் சிக்கி, உயிர் பிழைத்து, இறைவனிடம் திரும்பியவர். 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை எழுதியவர் என்றால் பலருக்கும் தெரியும். மனம் திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் கேப்டன் ஆனார். 1750 முதல் 1754 வரை ஆப்பிரிக்க மனிதர்களைச் சங்கிலியில் கட்டி ஏற்றிச் சென்ற கப்பல்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடும் நடத்தினார். கடல் தொழிலை விட்டதற்குக் காரணம் மனசாட்சி இல்லை, உடல்நலக் குறைவு. அந்தத் தொழில் முறையானதுதானா என்ற உறுத்தல் அப்போது தனக்கு இருந்ததே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு மதகுரு ஆனார். அடிமை வணிகத்தை எதிர்த்து வெளிப்படையாக, தன் பங்கை ஒப்புக்கொண்டு எழுதியது 1788-இல். மனம் திரும்பியதிலிருந்து நாற்பது ஆண்டுகள்! கப்பலின் மேல்தளத்தில் பிரார்த்தனை, கீழ்த்தளத்தில் மனிதர்கள். நடுவில் ஒரு பலகைதான். அந்தப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவரோடு சேர்ந்து வணங்கியவர்களில் எத்தனை பேர் அவரைக் கேட்டிருப்பார்கள்?

மற்றவர் ஜான் வுல்மன். அதே காலத்தவர், அமெரிக்காவில் இருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தன்னிடம் இருந்த ஓர் அடிமைப் பெண்ணை விற்றார். விற்பனைச் சீட்டை எழுதச் சொன்னார். வாங்குபவர் அங்கேயே காத்திருந்தார். அவரும் குவேக்கர், வயதானவர். எல்லாம் திடீரென்று நடந்தது. வுல்மனின் மனம் கலங்கியது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஆள் காத்திருக்கிறார், நேரமில்லை, பெரியவர்கள் சொல்கிறார்கள், கை எழுதுகிறது. என் கையும் அப்படித்தான் எழுதியது.

அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்த முறை ஒருவர் அப்படி எழுதக் கேட்டபோது மறுத்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் குவேக்கர் வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார். மேடையிலிருந்து சபித்துவிட்டுப் போகிற வேலையை அவர் செய்யவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, அமைதியாக, "உங்களிடம் இருக்கும் இந்த மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டும்" என்று தொடங்குவார். அடிமைகள் உழைக்கும் வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் செய்த பணிவிடைக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் வருவார். 1758-இல் பிலடெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருக்கும் தன் உறுப்பினர்களை வீடு வீடாகச் சந்தித்துப் பேச ஒரு குழுவை நியமித்தது. வுல்மன் அதில் ஒருவர். அவர் 1772-இல் இறந்தார். 1776-இல் அந்தக் கூட்டம், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் தங்கள் சபையில் இருக்க முடியாது என்று தீர்மானித்தது. சொத்துள்ளவர்கள், செல்வாக்குள்ளவர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் அந்தச் சபையிலும் இருந்தார்கள். கெட்ட பெயர் வரும் என்ற பயமும் இருந்திருக்கும். ஆனாலும் போய்க் கேட்டார்கள்.

இரண்டு பேரிடமும் நம்பிக்கை இருந்தது. ஒருவர் இருந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. மற்றவர், கேட்பதைத் தன் சபையின் வழக்கமாகவே ஆக்கிவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நானும் அந்த மனிதரைப் பார்க்கப் போனேன். ஏழு வாரம் கழித்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். "அம்மா போன அன்றே என் குற்றங்குறைகளை எல்லாம் இறைவனிடம் வைத்து அழுதுவிட்டேன். அவர் மன்னித்துவிட்டார், எனக்குத் தெரியும். இனி அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு" என்றார். முகத்தில் உண்மையான அமைதி இருந்தது.

பெரியவர்களே, அந்த அமைதியை அவருக்குக் கொடுத்தது நீங்கள்தான். இறைவனிடம் கேட்டால் போதும் என்பதை அழகாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். யாரிடமிருந்து எடுத்தோமோ அவரிடம் போக வேண்டும் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லிக்கொடுக்கவில்லை. நம் மரபுகளில் அது இல்லாமல் இல்லை. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான பாவங்களைத்தான் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்தப் புனித நாளும் தீர்க்காது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அடியார்களின் உரிமை, அதாவது சக மனிதர்களின் உரிமை, என்று இஸ்லாம் தனியாகவே வகுத்து வைத்திருக்கிறது. எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது பாவமன்னிப்பின் ஒரு பகுதி. சமணர்கள் ஆண்டுக்கொரு முறை ஒருவரை ஒருவர் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். பௌத்தத் துறவிகள் மழைக்காலத் தங்கல் முடியும் நாளில், என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, சந்தேகித்த குறையைச் சொல்லுங்கள் என்று சங்கத்தை அழைப்பார்கள். பவாரணா என்று அதற்குப் பெயர். மூத்தவரும் கேட்க வேண்டும், நேற்று வந்தவரும் கேட்க வேண்டும். இத்தனை கருவிகள் நம் கையில் இருக்கின்றன. அவற்றை எடுக்காமல் மேடைப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தத்தோடுதான். போதிக்கிறவரை யார் கேட்பது? 1095-இல் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி பாக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமைப் பேராசிரியர். நூற்றுக்கணக்கான மாணவர்கள். தான் கற்பிப்பது இறைவனுக்காகவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். புகழுக்காகவும் பதவிக்காகவும்தான் என்று பதில் வந்தது. போகலாமா, இருக்கலாமா என்று ஏறக்குறைய ஆறு மாதம் தத்தளித்தார். கடைசியில் பாடம் நடத்த நாக்கு எழாமல் போனது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார். உங்களை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் மேற்கூரைக்குக் கொடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, கூலியைப் பற்றிப் பேசாமல் பொதுவாக அநியாயத்தைப் பற்றி மட்டும் பேச வைத்தது எது என்று ஓர் இரவாவது நீங்கள் யோசிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, கூடத்தில் நடக்கும் நல்லதை எல்லாம் மறந்துவிட்டான் என்று சொல்வீர்கள். மறக்கவில்லை. நோயில் கிடந்தபோது என்னைச் சுமந்தவர்கள் இந்த மக்கள்தான். அதனால்தான் விட்டுப் போகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். "மனிதன் பலவீனமானவன், யார்தான் பூரணம்?" என்றும் கேட்பீர்கள். பூரணத்தை நான் கேட்கவே இல்லை. நான்கு மாதச் சம்பளத்தைக் கேட்கிறேன். மதத்தின் பெயர் கெடும் என்பதைப் பொறுத்தவரை, அந்தப் பெண் வாசலிலிருந்து திரும்பிப் போன அன்றே, அவரைப் பொறுத்த அளவில் அது கெட்டுவிட்டது. இனிமேல் காப்பாற்ற ஒன்றுமில்லை. திருத்தத்தான் வழி இருக்கிறது.

குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று ஒரு வரி வந்தது. அதனால் இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அந்தத் தீர்மானத்திலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். இதை மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்.

எங்கள் நிர்வாகிகளிடம் நான் கேட்பது: அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அந்த மனிதரின் வீட்டுக்கு நீங்களே போங்கள், இரண்டு பேராக, அமைதியாக. முழுச் சம்பளமும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரும்வரை அவர் முன்வரிசையில் உட்கார வேண்டாம், வாசிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியே தள்ளச் சொல்லவில்லை. அவருக்கும் இந்தக் கூடம் தேவை. அவர் கொடுக்க மறுத்தால், மேற்கூரைக்கு வந்த பணத்திலிருந்து அவருடைய பங்கை எடுத்து அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். அது ஏற்கெனவே அந்தப் பெண்ணின் கூலிதான்.

அப்புறம், உறுப்பினர்கள் மேல் முறையிட வருகிறவர்களைக் கேட்க ஒரு குழு வேண்டும். அதில் பெரிய நன்கொடையாளர்கள் இருக்கக் கூடாது. பெண்கள் இருக்க வேண்டும், கூலி வேலை செய்கிறவர்கள் இருக்க வேண்டும். முறையிடுகிறவர் நம் மதத்தவரா என்று கேட்கக் கூடாது.

போதிக்கும் பெரியவர்களிடம்: "அவன் உண்மையான நம்பிக்கையாளன் இல்லை" என்று இனி சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, அடுத்த புனித நாளுக்கு முன் பேச்சை நிறுத்திவிட்டு, யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, யாரோடு பேசாமல் இருக்கிறோம் என்று எழுத எங்களுக்கு ஒரு காகிதம் கொடுங்கள். எழுதியதைத் தீர்க்க ஒரு வாரம் கொடுங்கள். நீங்களும் எழுதுங்கள். பிறகு வந்து, போனாயா என்று கேளுங்கள். என்னைக் கேட்கும்போது, தம்பி வீட்டுக்குப் போனாயா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, வாங்கி வந்தேன். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தை வழிபாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் வைக்காதீர்கள். வேறொரு நாளில், நேரம் ஒதுக்கி வையுங்கள். அவர் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்.